தணிகை என்று தேடினால்

திருத்தணியின் வரலாறு தொடர்பாகக் கிடைக்கும் பழைய எழுத்துகளைத் தட்டச்சு செய்து ஓரிடத்தில் சேர்த்துவைக்க வேண்டும் என்ற எண்ணத்தில், நண்பர்கள் சிலர் கூடி ஒரு சிறிய இணையத்தளத்தை நடத்தி வருகிறோம். கல்வெட்டுக் குறிப்புகள், தலபுராணச் சுருக்கங்கள், வடக்கெல்லைப் போராட்ட நினைவுகள், உள்ளூர்ப் பெரியவர்கள் குறிப்பேடுகளில் எழுதிவைத்தவை ஆகியன அதில் உள்ளன. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தம்முடைய இரண்டு குறிப்பேடுகளை எங்களிடம் கொடுத்தார். 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், திருத்தணி வட்டம் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது அவர் பள்ளி மாணவர். அந்நாள்களில் ஊரில் கண்டதையும் கேட்டதையும் பிற்காலத்தில் நிதானமாக எழுதி வைத்திருந்தார். அதை எழுத்தெண்ணி ஒப்புநோக்கி வலையேற்றினோம். இரண்டு மாதங்கள் கழித்து ஒரு மாலையில் வந்தார்.

“தம்பி, பெங்களூர்ல இருக்கிற என் பேத்தி தேடிப் பார்த்தாளாம். ஒண்ணும் வரலைங்கிறா. போட்டீங்களா, இல்லையா?”

போட்டிருந்தோம். முகவரியை முழுமையாகத் தட்டினால் பக்கம் திறந்தது. தேடுபொறியில் அவருடைய கட்டுரையின் தலைப்பை அப்படியே இட்டுத் தேடினாலும் வரவில்லை. நூலகத்தில் நூல் இருக்கிறது, நூற்பட்டியலில் அதன் பெயர் இல்லை என்பது போன்ற நிலை. படிக்க வருபவருக்கு அந்நூல் இல்லாததற்குச் சமம்தான்.

அவர் கேட்ட கேள்விக்கு விடை காணப் புறப்பட்டு, தேடுபொறிக்குத் தகவல் சொல்லும் செருகுநிரல் ஒன்றோடு பல வாரங்கள் மல்லுக்கட்டினோம். அந்த வழி எங்களைத் தமிழ் எழுத்துருக்களின் வரலாற்றுக்கும், எங்கள் ஊர் மாவட்டம் மாறிய வரலாற்றுக்கும், கடைசியாகத் தணிகைமணி வ.சு. செங்கல்வராய பிள்ளையின் ஒளிநெறி நூல்களுக்கும் இட்டுச்சென்றது. அதைத்தான் இங்கே எழுதிவைக்கிறோம்.

1. சிலந்தியும் வாசற்பலகையும்

தேடுபொறியில் ஒரு சொல்லை இட்டதும் அது உலகெங்கும் ஓடித் தேடுகிறது என்று பலரும் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. முன்கூட்டியே ஓர் அட்டவணை ஆயத்தமாக இருக்கிறது. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற மிகப் பெரிய சொல்லடைவு அது. நாம் தேடுவது அந்த அடைவுக்குள்தான். அடைவில் ஏறாத பக்கத்தை எவ்வளவு பொருத்தமான சொல்லால் தேடினாலும் பயனில்லை.

அடைவைத் தயாரிப்பதற்குச் சிலந்தி நிரல்கள் ஒரு பக்கத்திலிருந்து அதிலுள்ள சுட்டிகள் வழியாக அடுத்த பக்கத்துக்குச் செல்கின்றன. வலை பரவத் தொடங்கிய காலத்திலேயே இந்நிரல்களின் வருகை சில தளங்களுக்குத் தொல்லையாயிற்று. 1994ஆம் ஆண்டு மார்ட்டின் கோஸ்டர் என்பவர் ஓர் எளிய ஏற்பாட்டை முன்வைத்தார். தளத்தின் வாசலில் ஒரு சிறு கோப்பை வைத்து, ‘இங்கே வரலாம், இங்கே வரவேண்டாம்’ என்று எழுதிவிடுவது. ‘ரோபாட்ஸ்’ கோப்பு என்று அழைக்கப்படும் இவ்வாசற்பலகை நெடுங்காலம் ஒரு நல்லொழுக்க உடன்பாடாகவே இயங்கியது. முறையான தர ஆவணமாக அது வெளிவந்தது 2022இல்தான்.

வரவேண்டாம் என்று சொல்ல 1994இலேயே வழி பிறந்தது. ‘வாருங்கள், என்னிடம் இன்னின்ன பக்கங்கள் உள்ளன’ என்று சொல்லும் முறையைக் கூகுள் 2005ஆம் ஆண்டு ஜூன் மாதம் அறிமுகப்படுத்தியது. தளவரைபடம் எனப்படும் அக்கோப்பில் பக்கங்களின் முகவரிகளும், அவை கடைசியாகத் திருத்தப்பட்ட நாள்களும் இருக்கும். 2006 நவம்பரில் யாகூவும் மைக்ரோசாஃப்டும் அதே வடிவத்தை ஏற்றன. ஒரு கோப்பில் ஐம்பதாயிரம் முகவரிகள் வரை இடலாம். எங்களைப் போன்றோருக்கு அதில் ஒரு மூலை போதும்.

இக்கோப்பைக் கையால் எழுதத் தேவையில்லை. தளத்தை இயக்கும் மென்பொருளில் ஒரு செருகுநிரலைப் பொருத்தினால் அதுவே எழுதிக்கொள்ளும், புதிய பக்கம் ஏறியதும் தேடுபொறிக்கும் சொல்லிவிடும் என்றார்கள். ‘ஐந்து நிமிட வேலை’ என்றது அதன் கையேடு.

2. ஐந்து நிமிட வேலை

முதல் தவறு எங்களுடையது. தளத்தை உருவாக்கிய நாள்களில், அரைகுறையான பக்கங்கள் வெளியே தெரியவேண்டாம் என்று நண்பர் ஒருவர் அமைப்புப் பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தில் குறியிட்டிருந்தார். தேடுபொறிகள் இத்தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் கட்டம் அது. பிறகு மறந்துபோனார். செருகுநிரல் ஒருபுறம் ‘வாருங்கள்’ என்று அழைப்பிதழ் அனுப்ப, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ‘பட்டியலிடாதீர்’ என்ற ஆணை மறைந்திருந்தது. விருந்துக்கு அழைத்துவிட்டு வாசலைப் பூட்டி வைத்திருந்தோம். அந்தக் குறியை அகற்ற ஒரு நொடி போதும். அது அங்கே இருக்கிறது என்று கண்டுகொள்ள எங்களுக்கு மூன்று வாரங்கள் ஆயின.

இரண்டாவது தவறு கண்ணுக்கே தெரியாதது. தளவரைபடத்தைப் படிக்க முடியவில்லை என்று தேடுபொறியின் அறிக்கை சொன்னது. திறந்து பார்த்தால் முகவரிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அக்கோப்பு எக்ஸ்எம்எல் என்னும் வடிவில் எழுதப்படுவது. அதன் அறிவிப்பு வரி கோப்பின் முதல் எழுத்திலேயே தொடங்கவேண்டும் என்பது விதி. எங்கள் கோப்பிலோ முதல் வரி வெற்று வரி. அது எங்கிருந்து வந்தது? தளத்தின் வேறொரு நிரல்கோப்பின் இறுதியில், தமிழில் ஒரு வரவேற்பு வாசகத்தைச் சேர்த்தபோது, நாங்களே ஒரு காலி வரியை விட்டிருந்தோம். எந்தப் பக்கம் வெளியே போனாலும் அதற்கு முன்னால் அந்தக் காலி வரி போய் நின்றது. வாசகருக்குத் தெரியாது, உலாவிக்குக் கவலையில்லை, எக்ஸ்எம்எல்லுக்கு மட்டும் அது பொறுக்காது. அச்சுப்பிழை திருத்துவதில் எங்களுக்குப் பல ஆண்டுப் பழக்கம் உண்டு. எழுதப்படாத எழுத்தைப் பிழையாகக் காணும் பழக்கம் இல்லை.

அதைச் சரிசெய்ததும் தெரிந்தது, தளத்தில் இரண்டு வரைபடங்கள் இருக்கின்றன என்பது. தள மென்பொருள் தானாகவே ஒன்றை எழுதிவந்தது. செருகுநிரல் வேறொன்றை எழுதியது. வாசற்பலகையோ, முன்னர் நாங்கள் நீக்கிவிட்ட மூன்றாவது ஒன்றின் முகவரியைக் காட்டிக்கொண்டிருந்தது. அதுமட்டுமன்றி, புதிய பக்கம் ஏறியதும் தேடுபொறிக்கு மணியடித்துச் சொல்லும் வசதி என்று செருகுநிரல் பெருமையாகக் காட்டிய பொத்தானும் பயனற்றது என்று அறிந்தோம். அத்தகைய அறிவிப்புகளை இனி ஏற்பதில்லை என்று கூகுள் 2023ஆம் ஆண்டு ஜூனிலேயே அறிவித்துவிட்டது. பொத்தான் மட்டும் அகற்றப்படாமல் இருந்தது. நாங்கள் நாள்தோறும் அதை அழுத்திக்கொண்டிருந்தோம்.

மேற்சொன்னவை எம்மொழியில் தளம் நடத்துவோருக்கும் நேரக்கூடியவை. அடுத்து வந்த சிக்கல்கள் தமிழுக்கே உரியவை.

3. திருத்தணிகை என்ற தொண்ணூற்றொன்பது குறிகள்

‘திருத்தணிகை’ என்ற சொல்லில் நம் கணக்கில் ஆறு எழுத்துகள்: தி, ரு, த், த, ணி, கை. ஒருங்குறியின் கணக்கில் உயிர்மெய்யின் மெய்ப்பகுதிக்கு ஒரு குறி, உயிர்ப்பகுதிக்கு ஒரு குறி, புள்ளிக்கு ஒரு குறி. ஆக, பதினொன்று. அச்சொல் பக்கத்தின் முகவரியில் இடம்பெறும்போது ஒவ்வொரு குறியும் மூன்று பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக விரிகிறது. பதினொன்றை ஒன்பதால் பெருக்கினால் தொண்ணூற்றொன்பது. நாங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் ஒரு பக்கத்தின் முகவரிப் பெயருக்கு ஒதுக்கப்பட்ட இடம் இருநூறு. ஆங்கிலத்தில் ஒரு நீண்ட தலைப்பையே எழுத அது போதும். எங்கள் ஊர்ப்பெயரை இரண்டு முறை எழுதினால் நிரம்பிவிடும்.

‘திருத்தணிகை வீரட்டானேசுவரர் கோயில் கல்வெட்டுகள்’ என்று ஒரு கட்டுரை. ‘திருத்தணிகை வீரட்டானேசுவரர் கோயில் கட்டட அமைப்பு’ என்று இன்னொன்று. இரண்டின் முகவரியும் ‘திருத்தணிகை-வீரட்டானேசு’ என்ற இடத்தில் அறுந்தன. ஒன்றுபோல் இருந்ததால் இரண்டாவதின் வாலில் மென்பொருள் 2 என்ற எண்ணை ஒட்டியது. அடுத்தடுத்த கட்டுரைகளுக்கு 3, 4 என்று வளர்ந்தது. முகவரி அறுந்ததால் மட்டும் ஒரு பக்கம் அடைவில் ஏறாமல் போகும் என்று சொல்லமுடியாது. ஆயினும் எது எந்தப் பக்கம் என்று எங்களுக்கே புரியாத நிலையில் அறிக்கைகளைப் படித்துச் சரிபார்ப்பது பெரும் பாடாயிற்று. முடிவில் ஒவ்வொரு பக்கத்துக்கும் குறுகிய முகவரியை நாங்களே கையால் எழுதினோம்.

இவ்விடத்தில் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது நல்லது. தமிழ் தேடுபொறியின் கண்ணில் படத் தொடங்கியதே இந்த ஒருங்குறியால்தான். 1990களில் தமிழ்த் தளங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி எழுத்துருவைப் பயன்படுத்தின. திரையில் தமிழ் தெரியும். உள்ளே இருப்பவை ரோமன் எழுத்துகளுக்கும் பிற குறிகளுக்கும் உரிய எண்கள். எழுத்துருவை இறக்கி நிறுவிய வாசகர் ‘தணிகை’ என்று படித்த இடத்தில், சிலந்தி நிரல் பொருளற்ற குறிக்கோவை ஒன்றைப் படித்தது. ஒரே சொல் இரண்டு தளங்களில் இரண்டு வேறு கோவைகள். அக்குழப்பத்துக்கு முடிவுகாணும் முயற்சியாகவே இணையவழிக் கலந்துரையாடலில் டிஸ்கி குறியேற்றம் உருவானது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டையொட்டித் தாம், தாப் குறியேற்றங்களும் தமிழ்99 விசைப்பலகையும் அறிவிக்கப்பட்டன. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழைய இலக்கியங்களை முதலில் அக்கால எழுத்துருக்களிலும், பின்னர் ஒருங்குறியிலும் தந்தது.

ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே, 1991இல், தமிழுக்கு இடம் உண்டு. ஆனால் விண்டோஸ் 2000 போன்ற இயங்குதளங்கள் வந்த பிறகே சாதாரணக் கணினியில் அதைப் பயன்படுத்த முடிந்தது. தமிழ் ஒலிப்புமுறைக்கும் எழுத்து எண்ணிக்கைக்கும் அந்த ஒதுக்கீடு போதாது என்ற விவாதம் நெடுங்காலம் நடந்தது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், எல்லா உயிர்மெய்களுக்கும் தனி இடம் தரும் டேஸ்16 குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. இன்று வலையில் நிலைத்திருப்பது ஒருங்குறியே. மேலே சொன்ன தொண்ணூற்றொன்பது குறிகளின் கதை அந்த விவாதத்தின் ஒரு துளி.

பழைய எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகள் எங்களிடமும் இருந்தன. மாற்றி நிரல் பெரும்பாலும் சரியாகவே செய்கிறது. பிழைகள் கண்ணுக்குப் பிழையாகத் தோன்றாததே தொல்லை. ‘ஔவை’ என்று ஓரெழுத்தாக வரவேண்டியது, ஒகரமும் ளகரமும் சேர்ந்து ‘ஒளவை’ என்று நிற்கும். வாசகர் இரண்டையும் ஒன்றாகவே படிப்பார். எழுத்தை எண்ணாகப் பார்க்கும் நிரலுக்கு இவை இரு வேறு சொற்கள். தமிழ் எண்ணான ‘௧’ இருக்கவேண்டிய இடத்தில் ககரத்தையும், ‘௭’ இருக்கவேண்டிய இடத்தில் எகரத்தையும் தட்டியிருந்தோம். ஒரு பாட்டின் எண்ணைத் தேடுபவருக்கு அது கிடைக்காது.

இவற்றோடு மொழியின் இயல்பும் சேர்கிறது. எங்கள் ஊரில் ஓடுவது நந்தியாறு. கட்டுரைகளில் வருவதோ ‘நந்தியாற்றங்கரை’. குளம் ‘குளத்தில்’ என்றாகிறது. வீரட்டானம் ‘வீரட்டானத்து’ என்றாகிறது. வேற்றுமையும் சாரியையும் புணர்ச்சியும் சேரச் சேரச் சொல்லின் உருவமே மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் சொல்லின் ஈற்றில் ஓரெழுத்து கூடுவதோடு ஒப்பிடமுடியாத மாற்றம் இது. இன்றைய தேடுபொறிகள் முன்னைவிட மேம்பட்டு இத்தகைய உருவங்களை ஓரளவு உணர்கின்றன. அந்த ‘ஓரளவு’க்கு வெளியே நிற்கும் சொற்கள் பெரும்பாலும் பழைய நூல்களின் சொற்களாகவே இருக்கின்றன.

4. ஒரே ஊர், நான்கு மாவட்டங்கள்

ஒருவழியாகச் செருகுநிரல் வேலை செய்யத் தொடங்கியது. பக்கங்களின் முகவரிகள் தேடுபொறிக்குத் தெரிந்துவிட்டன. அறிக்கையில் இப்போது வேறொரு வாசகம்: ‘கண்டறியப்பட்டது, தற்போது அட்டவணையில் சேர்க்கப்படவில்லை’. அதாவது, நீர் இருக்கிறீர் என்று தெரியும், வந்து பார்க்க இன்னும் நேரமில்லை. அரசு அலுவலகங்களில் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த அனுபவம் உள்ளவர்களுக்கு இந்நடை பழக்கமானதே.

காத்திருந்த நாள்களில் ஒரு காரியம் செய்தோம். வெளியூர் அன்பர் ஒருவர் திருத்தணி வரலாற்றைத் தேடினால் என்ன சொல்லை இடுவார் என்று எண்ணிப் பார்த்தோம். திருத்தணி, திருத்தணிகை, தணிகை, தணிகாசலம், செருத்தணி என்று தமிழிலேயே பல. ஆங்கிலத்தில் தகரத்துக்கு எச் சேர்ப்பவர் உண்டு, சேர்க்காதவர் உண்டு. நடுவிலுள்ள தகர ஒற்றை இரட்டித்து எழுதுபவர் உண்டு, ஒன்றோடு நிறுத்துபவர் உண்டு. தெலுங்கில் தேடுவோரும் பலர். ‘திருத்தணி’ என்று மட்டும் இட்டால் தரிசன நேரமும், தங்கும் அறைகளும், பேருந்து வழியும், 1888இல் இங்கே பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் வாழ்க்கைக் குறிப்பும் வரும். அவை தேவையானவையே. அவற்றுக்குப் பின்னால் எங்கள் ஆசிரியரின் குறிப்பேடு எங்கே நிற்கும்?

ஊர்ப்பெயரைவிடப் பெரிய சிக்கல் மாவட்டத்தின் பெயர். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாவதற்கு முன் இப்பகுதி வட ஆர்க்காட்டில் இருந்தது. பிறகு சித்தூர். 1953 அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூரோடு சேர்ந்து ஆந்திரத்துக்குச் சென்றது. தமிழாசிரியர் மங்கலங்கிழாரும் ம.பொ. சிவஞானமும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்தின் பிறகு, படாஸ்கரின் பரிந்துரைகளை ஒட்டி 1959இல் எல்லை மாற்றச் சட்டம் இயற்றப்பட்டது. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்தது. 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். ஊர் அசையவில்லை. ஒரு நூற்றாண்டுக்குள் அதன் முகவரி நான்கு முறை எழுதப்பட்டது.

ஆகவே பழைய ஆவணங்களில் எங்கள் ஊரைத் தேடுபவர், ஆவணத்தின் ஆண்டை முதலில் பார்த்து, அவ்வாண்டில் ஊர் எம்மாவட்டத்தில் இருந்தது என்று தெரிந்துகொண்டே தேடவேண்டும். தமிழ்நாட்டு ஊர் என்ற நினைப்போடு போனால் பாதி வரலாறு தவறிவிடும். வி. ரங்காச்சாரியார் தொகுத்து 1919இல் வெளியான, சென்னை மாகாணக் கல்வெட்டுகளின் இடவாரிப் பட்டியலின் மூன்று தொகுதிகளும் மாவட்டவாரியாகவே அமைந்தவை. பட்டியலில் ஊர் இருக்கும். எந்த மாவட்டத்தைப் புரட்டவேண்டும் என்பது எல்லையின் வரலாறு தெரிந்தவருக்கே புரியும். செருகுநிரல் எழுதிய தளவரைபடத்தில் இந்த அறிவு இல்லை. இருக்கவும் முடியாது.

5. ஒளிநெறி

நந்தியாற்றங்கரை வீரட்டானேசுவரர் கோயில் பல்லவர் காலத்துக் கற்றளி. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அபராசிதவர்மன் காலத்தில் நம்பி அப்பி என்பவர் எடுப்பித்தது. அங்குள்ள கல்வெட்டு ஒன்றில் அத்திருப்பணியைப் போற்றும் ஒரு வெண்பாவும், அவ்வெண்பாவைப் பாடியவர் அரசரே என்ற குறிப்பும் உள்ளன. பாட்டோடு பாடியவர் யார் என்பதையும் சேர்த்துப் பொறித்ததால்தான் பல்லவ வேந்தன் ஒருவனின் தமிழ்ப் பாட்டு என்று இன்று நம்மால் சொல்லமுடிகிறது. எழுதியதோடு அதைப் பற்றிய குறிப்பையும் எழுதிவைக்கும் அறிவு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூரில் இருந்திருக்கிறது.

அதே அபராசிதனின் செப்பேடும், முதலாம் பராந்தக சோழனின் செப்பேடும் திருத்தணிக்கு அருகிலுள்ள வேலஞ்சேரியில் கிடைத்தன. கிடைத்த ஆண்டு 1977. இரா. நாகசாமி அவற்றைப் படித்து 1979இல் பதிப்பித்தார். எழுதப்பட்டதற்கும் படிக்கப்பட்டதற்கும் இடையே ஆயிரம் ஆண்டுகள். இரண்டு மாதம் பொறுக்க முடியாமல் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்த எங்களுக்கு இது நினைவுக்கு வந்தபோது சற்று வெட்கமாகவும் இருந்தது.

செங்கல்வராய பிள்ளையின் நூல்களை எங்களுள் ஒருவர் எடுத்துவந்தது அப்போதுதான். அவருடைய தந்தையார் வ.த. சுப்பிரமணிய பிள்ளை மாவட்ட முன்சீபாக இருந்தவர். தில்லைத் தீட்சிதர்கள் சான்றாகக் காட்டிய ஒரு திருப்புகழ்ப் பாடலைக் கேட்டு, இத்தகைய பாடல்கள் எத்தனை சிதறிக் கிடக்கின்றனவோ என்று ஊர் ஊராக ஏடு தேடி, 1890களில் திருப்புகழின் முதற்பகுதியை அச்சேற்றினார். சிதறியதைச் சேர்த்தது தந்தையின் பணி. சேர்த்ததைத் தேடி எடுக்கத்தக்கதாக ஆக்கியதில் மகனின் பணி பெரிது. திருப்புகழுக்கு உரை கண்டதோடு, தேவாரத்துக்கும் திருவாசகத்துக்கும் ஒளிநெறி என்ற பெயரில் பொருளடைவுகளைத் தொகுத்தார்.

ஒளிநெறியைச் சொல்லகராதி என்று கொள்ளக்கூடாது. ஒரு பொருளைத் தலைப்பாக நிறுத்தி, அப்பொருள் பதிகங்களில் எங்கெங்கே எவ்வெப்பெயரால் வருகிறதோ அவ்விடங்களையெல்லாம் பாட்டெண்ணோடு அத்தலைப்பின்கீழ்க் கொணர்வது அதன் முறை. தலைப்புகள் அகரவரிசையில் நிற்கின்றன. ஒரே பொருளுக்குப் புலவர்கள் வழங்கும் பல பெயர்களும் ஓரிடத்தில் கூடுகின்றன. எழுத்தைக் கொண்டு தேடும் நிரல் தவறவிடுவது எதுவோ, அதைப் பொருளைக் கொண்டு தொகுத்த மனிதர் பிடித்துவைத்திருக்கிறார். அட்டைகளும் தாளும் பேனாவும் அன்றி வேறு கருவி இல்லாத காலம் அது.

அவர் பதிவுத்துறையில் பணியாற்றியவர் என்பதை இங்கே நினைக்கவேண்டும். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் பதிவு அலுவலகங்களில் நான்கு வகை அட்டவணைகளை வைக்கச் சொல்கிறது. ஆவணம் எழுதிக்கொடுத்தவர், பெற்றவர் பெயர்களுக்கு ஒன்று. சொத்தின் விவரத்துக்கு ஒன்று. ஆவணம் கட்டுக்கட்டாக இருந்தால் போதாது, ஆளின் பெயரைக் கொண்டும் நிலத்தைக் கொண்டும் அதைத் தேடி எடுக்க முடியவேண்டும் என்பதே அதன் நோக்கம். அலுவலகத்தில் பழகிய அவ்வொழுங்கு தேவாரத்தைத் தொகுக்கும்போதும் அவர் கையில் இருந்திருக்கும் என்று நாங்கள் எண்ணுகிறோம். பின்னாளில் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாகப் பழந்தமிழ் நூற் சொல்லடைவை வெளியிட்டது. கணினி வருமுன்பே தமிழில் அடைவுப் பணி எவ்வளவு தூரம் வந்திருந்தது என்பதற்கு இவை சான்றுகள்.

எங்கள் பிழை எது என்று அப்போது விளங்கியது. தொகுப்பதை மட்டும் எங்கள் வேலையாகக் கொண்டு, அடைவு செய்வதை முழுமையாக ஒரு செருகுநிரலிடம் ஒப்படைத்திருந்தோம். செருகுநிரல் தபால்காரரைப் போன்றது. முகவரியைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதை எழுதவேண்டியவர்கள் நாங்கள்.

6. கையால் எழுதிய அடைவு

‘தணிகை அடைவு’ என்று ஒரு பக்கத்தைத் தொடங்கினோம். ஒளிநெறியின் முறையில் தலைப்புகள்: ஊர்ப்பெயர்கள், கோயில்கள், அரசர்கள், புலவர்கள், ஆறும் குளமும், எல்லைப் போராட்டம், மாவட்ட மாற்றங்கள். ஊர்ப்பெயர் என்ற தலைப்பின்கீழ் ஊரின் எல்லாப் பெயர்களும், ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் வழங்கும் எழுத்துவடிவங்களும் இடம்பெற்றன. ஒவ்வொரு தலைப்பின்கீழும் தொடர்புடைய பக்கங்களுக்கு ஒரு வரி விளக்கத்தோடு சுட்டி கொடுத்தோம். ஆசிரியரின் குறிப்பேடு 1960 என்ற தலைப்பிலும், சித்தூர் என்ற தலைப்பிலும், எல்லை என்ற தலைப்பிலும் வந்தது. இரண்டு மாதங்களாக அப்பக்கத்துக்கு எங்கள் தளத்தின் வேறு எப்பக்கத்திலிருந்தும் ஒரு சுட்டிகூட இருந்ததில்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம். சிலந்தி நடந்துவர ஓர் இழைகூட இல்லாமல் தனியே கிடந்திருக்கிறது.

அடைவு எழுதி முடிக்க ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. எழுதும்போது எங்களுக்கே பல செய்திகள் புலப்பட்டன. ஒரே கல்வெட்டைப் பற்றிய இரு குறிப்புகள் முரண்படுவதும், ஒரே பெரியவர் இரு கட்டுரைகளில் இரு பெயர்களில் வருவதும் அடைவில் அடுத்தடுத்து நின்றதால்தான் தெரிந்தன. முதலில் தேடுபொறியில் ஏறியது அந்த அடைவுப் பக்கம். சில வாரங்களில் அதிலிருந்து சுட்டிய பக்கங்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. ஆசிரியரின் பக்கமும் வந்தது. எல்லாப் பக்கங்களும் வந்துவிடவில்லை. சில இன்னும் ‘கண்டறியப்பட்டது’ என்ற வரிசையிலேயே நிற்கின்றன.

பழைய தமிழ் எழுத்துகளை வலையேற்றும் நண்பர்களுக்கு எங்கள் அனுபவத்தில் சொல்லக்கூடியது இவ்வளவே. அமைப்புப் பக்கத்திலுள்ள அந்தச் சிறு கட்டத்தை முதலில் பாருங்கள். முகவரிகளைச் சுருக்கமாகக் கையால் எழுதுங்கள். மாற்றி நிரலின் ‘ஒள’வை நம்பாதீர்கள். மேலாக, உங்கள் தொகுப்புக்கு நீங்களே ஓர் அடைவு எழுதுங்கள். எழுத்துருக்கள் மாறின, குறியேற்றங்கள் மாறின, தேடுபொறிகளின் விதிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. செங்கல்வராய பிள்ளையின் அடைவை இன்றும் திறந்து பயன்படுத்த முடிகிறது.

செய்தி சொல்ல ஆசிரியரின் வீட்டுக்குப் போயிருந்தோம். கைப்பேசியில் தேடிக் காட்டினோம். கண்ணாடியைத் தேடி அணிந்துகொண்டு, தம் பக்கத்தை முதலிலிருந்து கடைசிவரை மெதுவாகப் படித்தார்.

“வந்துடுச்சு, சந்தோஷம். பேத்திக்கும் சொல்லிடறேன். ஆனா தம்பி, மூணாவது பத்தியில ஒரு தேதி தப்பா இருக்கு. நான்தான் அப்பவே தப்பா எழுதிட்டேன் போல. அதை மாத்திடுங்க.”

அன்றிரவே மாற்றிவிட்டோம். மாற்றிய பக்கத்தைத் தேடுபொறி இன்னும் வந்து பார்க்கவில்லை.